ஆறு சிலிண்டரும் ஏழரைச் சனியும்

இராஜநாயகம் தமது ஐம்பத்து மூன்றாவது வயதில், வாழ்க்கையிலேயே முதன்முறையாக, மனைவியிடம் ஒரு பொய் சொல்வதென்று முடிவெடுத்தார். முதன்முறை என்பது அவருடைய கணக்கு. மனைவி துஷாந்தினியைக் கேட்டால் வேறு எண் வரும். அதை இப்போது கிளறி என்ன பிரயோசனம், விடுங்கள்.

பொய்க்குக் காரணம் ஒரு கார். சும்மா காரில்லை, ஜேர்மன் கார். எந்தக் கொம்பனி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் காரை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் நாளைக்கு என் வாசலில் வந்து நிற்பார்கள். கருநீல நிறம். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, வயது பதின்மூன்று. ஒருகொடவத்தையில் கொள்கலன் அடுக்கியிருக்கிற முற்றங்களுக்கு நடுவில் மர்ஸூக் என்பவர் பழைய வாகனம் விற்கிற ஒரு வளவு இருக்கிறது. இராஜநாயகத்துக்குக் கப்பல் கொம்பனியில் வேலை. தொலைந்துபோன ஒரு கொள்கலனைத் தேடி அந்தப் பக்கம் போனவர், கொள்கலனை மறந்துவிட்டு இதைக் கண்டுபிடித்தார்.

மர்ஸூக் விலை சொல்லவில்லை, பெருமை பேசவில்லை. வியாபாரம் தெரிந்த மனுஷன். கதவைத் திறந்து பொத்தானை அமத்தினார், அவ்வளவுதான். முதலில் ஒரு உறுமல். பிறகு அது அடங்கி, நிலத்துக்குக் கீழே எங்கேயோ ஒரு பெரிய உயிர் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். இராஜநாயகத்தின் சப்பாத்து வழியாக ஏறி, முழங்காலைத் தாண்டி, நெஞ்சுக்கு வந்து அங்கேயே இருந்துகொண்டது. மனுஷனுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. மகள் யதுஷா பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரியில் தனக்கு இப்படி வரவில்லை என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். அதை மகளிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

"ஒரு டொக்டர்ட கார் சேர்," என்றார் மர்ஸூக் மெல்ல. "சத்தியமா செல்ற, இதப் போல சாமான் கொழும்பில இன்னொண்டு இல்ல."

இராஜநாயகம் பொனட்டை மெல்லத் தடவினார். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வெள்ளவத்தை வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. வெள்ளி நிறத்தில், யப்பான்காரன் செய்த சின்னக் கார். பதினொரு வருஷத்தில் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. இராஜநாயகத்துக்கு அதில் உள்ள கோபமே அதுதான். ஒருநாளாவது நின்றிருந்தால் அதைச் சாட்டாக வைத்து மாற்றியிருக்கலாம். அந்தக் காரில்தான் துஷாந்தினி நாள் தவறாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறாள். இவர் வேலைக்குக் கொழும்புக் கோட்டைக்கு ரயிலில் போய் வருவார். ரயிலில் போய் வருகிறவனுக்கு இரண்டு டர்போ எதற்கு? இராஜநாயகமே தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை, ஆசைதான் வந்தது.

ஆசைக்குத் தடை இரண்டு. ஒன்று மனைவி. மற்றது சனி பகவான்.

இராஜநாயகம் மேஷ ராசி. ஏழரைச் சனி தொடங்கிவிட்டது. இதையெல்லாம் லேசாக எடுக்கிற ஆள் அவர் இல்லை. செவ்வாய்க்கிழமை தலைமயிர் வெட்டமாட்டார். ஒருமுறை பல்லுக்கொதி வந்து துடித்தபோதும், இராகுகாலம் கழியட்டும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் கதிரையில் இருந்தவர். ஏழரைச் சனியில் வாகனம் வாங்கினால் என்ன நடக்குமென்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ரயிலில், பம்பலப்பிட்டி கழியும்போது, வழி தெரிந்துவிட்டது. காரைத் துஷாந்தினியின் பேரில் வாங்குவது.

மூளையைப் பாருங்கள். காரின் பதிவுப் புத்தகத்தில் அவளுடைய பேர் இருந்தால், சனி பகவான் வந்து பார்த்துவிட்டு, இது இவனுடைய கார் இல்லையே என்று திரும்பிப் போய்விடுவார். மனைவியும், எனக்காக வாங்குகிறாரே என்று உருகிப்போவாள். ஒரு மாதம் கழித்து, உமக்கு உது பாரமாயிருக்கு, நானே ஓடுறன் என்று கார்த் திறப்பை வாங்கிக்கொள்ளலாம். ஒரே பொய்யில் இரண்டு பேரையும் பேய்க்காட்டுவது. இதை நினைத்து நினைத்து அவர் ரயிலில் தனியாகச் சிரித்ததில், பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த மூன்று மாதமும் ஆராய்ச்சி. ஒரு தடித்த கொப்பி வாங்கி, நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் அந்தக் காரை ஏன் நம்பலாம், வலப்பக்கம் ஏன் நம்பக்கூடாது என்று எழுதத் தொடங்கினார். குளியலறைக்குள் போன் கொண்டுபோய், கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டுக் கார் வீடியோ பார்த்தார். இடப்பக்கத்தில் கியர்பொக்ஸ், பிரேக், கதவு சாத்துகிற சத்தம். கதவு சாத்துகிற சத்தத்தை மூன்று இடத்தில் எழுதியிருந்தார். வலப்பக்கத்தில் தண்ணீர்ப் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும், டர்போவுக்குப் போகிற குழாயில் ஒயில் கசியும், இல்லாத நோய்க்கெல்லாம் டாஷ்போர்ட்டில் விளக்கு எரியும், ஒரு உதிரிப்பாகம் வர ஆறு வாரம். வலப்பக்கம் மளமளவென்று வளர்ந்து அடுத்த தாளுக்குப் போகப் பார்த்தது. இராஜநாயகம் அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துஷாந்தினி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, பொய் வெளியே வந்தது.

"இஞ்சேரும், நான் ஒண்டு யோசிச்சனான்."

"சொல்லுங்கோ."

"நீர் ஒவ்வொரு நாளும் கொட்டாஞ்சேனைக்கு அந்தச் சின்னக் காருக்குள்ள குறுகிக்கொண்டு போறதைப் பாக்க எனக்கு மனம் கேக்கேல்லை."

"பதினொரு வருசமாப் போறன்."

"அதுதான். பதினொரு வருசமா மனம் கேக்கேல்லை."

"ஓ."

"உமக்கெண்டு ஒரு நல்ல கார் பாத்து வைச்சிருக்கிறன். உம்மட பேரிலயே எடுப்பம்."

கத்தி நின்றது. "புத்தகத்திலயும் என்ர பேரோ?"

"புத்தகத்திலதான்."

"எந்த நாட்டுக் கார்?"

"சும்மா, ஐரோப்பாப் பக்கம்."

"ஐரோப்பாவில எவ்விடம்?"

"நடுவில."

"எத்தினை குதிரை வலு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "முன்னூறுக்குக் கிட்ட வரும்."

"நான் கொட்டாஞ்சேனைக்குப் போறதுக்கு."

"ஜம்பட்டா வீதியில ஏத்தம் இருக்குத்தானே."

துஷாந்தினி ஒரு வெங்காயத்தை முழுதாக வெட்டி முடித்தாள். "வழியில நிண்டா ஆர் தள்ளுறது?"

"ஜேர்மன்காரன் செய்தது வழியில நிக்குமே?" என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சரியப்பா," என்றாள் துஷாந்தினி. "எனக்கெண்டு ஆசையாச் சொல்லுறீங்கள். பாப்பம்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, முகச்சுழிப்பு இல்லை. தான் இவ்வளவு கெட்டிக்காரன் என்று தனக்கே இதுவரை தெரியாமல் போய்விட்டதே என்று இராஜநாயகம் பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

வந்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஒருகொடவத்தைக்குப் போனார்கள். சனிக்கிழமை வேண்டாமென்று இவர் எவ்வளவோ சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மர்ஸூக்கின் வளவு பூட்டு, பள்ளிக்கூடம் இல்லாத நாள் வேறு எது என்று அவள் கேட்டாள். சும்மா பார்க்கத்தானே போகிறோம், வாங்கப் போகவில்லையே என்று சனி பகவானுக்கு மனதுக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டு இராஜநாயகம் புறப்பட்டார். காரைச் சோதிக்க ஒரு மெக்கானிக்கையும் அவரே ஒழுங்குபண்ணியிருந்தார். ஷெல்டன், கொலன்னாவையில் கராஜ், ஜேர்மன் கார்களுக்கு நல்ல கைகாரன் என்று பேர். தன் பக்கம் நின்று கதைக்க ஒரு ஆள் வேண்டுமே.

ஷெல்டன் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். துஷாந்தினியைக் கண்டதும் கையில் இருந்த ஒயிலை அவசரமாகச் சாரத்தில் துடைத்தார்.

"டீச்சர்! நீங்களா இந்தக் காரை எடுக்கிறீங்க?"

"ஓம் ஷெல்டன். எப்பிடி இருக்கிறீர்? அம்மா சுகமா?"

பத்தாம் வகுப்பில் இவளிடம் விஞ்ஞானம் படித்தவராம். பரீட்சையில் சித்தியும் அடைந்தவராம். தன் பக்கம் நிற்க வந்த ஆள் ஒரே நிமிஷத்தில் அந்தப் பக்கம் போய் நின்றதை இராஜநாயகம் பார்த்துக்கொண்டு நின்றார். சரி, ஆராய்ச்சியாவது நம்மிடம் இருக்கிறதே என்று பையிலிருந்து கொப்பியை எடுத்து விரித்தார்.

கொப்பி முழுக்கச் சிவப்பு மை.

தண்ணீர்ப் பம்ப் என்று இவர் எழுதியிருந்த இடத்தில், "எத்தனை கிலோமீற்றரில்? விடை முழுமையில்லை" என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கதவு சாத்துகிற சத்தம் மூன்றாம் தரம் வந்த இடத்தில், "கூறியது கூறல்." சின்ன எழுத்தில் இருந்த வலப்பக்கத்துக்குக் கீழே, "தெளிவான கையெழுத்தில் எழுதவும்." கடைசித் தாளில் வட்டம் போட்டு, இருபதுக்குப் பதின்மூன்று.

இராஜநாயகம் மெல்ல நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. ஷெல்டனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்ணீர்ப் பம்ப் மாத்தினதோ?"

"போன வருஷம் மாத்தியிருக்கு டீச்சர். பில் இருக்கு, நான் பாத்தேன்."

"டர்போவுக்குப் போற ஒயில் குழாய்?"

"அது கொஞ்சம் கசியுது. புதுசு போடணும்."

"எவ்வளவு காலம் நிண்டு பிடிக்கும்? நேராச் சொல்லும்."

ஷெல்டன் தலையைச் சொறிந்தார். "கார்ல குறை இல்ல டீச்சர். ஓட்டுறவங்கதான் பிரச்சினை. விடியக் காலம ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேற முந்தியே மிதிக்கிறாங்க. ஒயில் மாத்த மறக்கிறாங்க. விளக்கு எரிஞ்சா அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. பொறுமையான ஆள் ஓட்டினா பத்து வருஷம் இது உங்கள ஏமாத்தாது."

மர்ஸூக் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். ஷெல்டன் பொனட்டைத் தூக்கி, ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குத்தியை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினின் மேலே நட்டமாக நிறுத்தினார். குத்தி நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஆறு சிலிண்டரும் உள்ளே நெருப்பைத் தின்றுகொண்டிருக்க, அந்தக் குத்தி விளிம்பில் அசையாமல் நின்றது. நான்கு பெரிய மனுஷர் ஒரு ஐந்து ரூபாயைச் சுற்றி மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் செய்தவனைக் கண்டால் காலில் விழலாம் என்று இராஜநாயகத்துக்கு இருந்தது. துஷாந்தினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை பார்த்தாள்.

"ஓடிப் பாருங்க சேர்," என்று மர்ஸூக் திறப்பை நீட்டினார்.

இராஜநாயகத்தின் கை போய்விட்டது. திறப்புக்கு ஒரு விரல் தூரம்.

"எனக்கெண்டு தானே வாங்கிறீங்கள்," என்று துஷாந்தினி அதை வாங்கிக்கொண்டாள்.

என்ன செய்வது? தான் சொன்ன பொய். இராஜநாயகம் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து பட்டியை மாட்டிக்கொண்டார். ஷெல்டன் பின்னால் ஏறினார். துஷாந்தினி சீற்றைச் சரிபார்த்தாள், கண்ணாடிகளைச் சரிபார்த்தாள், எஞ்சினின் சூட்டுமானியைப் பார்த்தபடி மூன்று நிமிஷம் அசையாமல் இருந்தாள். ஷெல்டன் பின்னால் இருந்து, "பாத்தீங்களா சேர்," என்றார். பிறகு கார் மெல்ல வெளியே வந்து, லொறிகளுக்குள்ளால் நுழைந்து, புதிய களனிப் பாலத்தில் ஏறியது. முன்னால் பாதை வெறுமையாகக் கிடந்தது.

துஷாந்தினி ஒரு தரம் இவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மிதித்தாள்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன். இராஜநாயகத்தின் முதுகு சீற்றோடு ஒட்டிப்போனது. வயிறு ஒருகொடவத்தையிலேயே நின்றுவிட்டது. பாலத்தின் கம்பிகள் இரண்டு பக்கமும் சர் சர்ரென்று பின்னால் போயின. கீழே களனி ஆறு, துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், வானம் எல்லாம் ஒன்றாக வந்து ஒன்றாகப் போயின. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதையெல்லாம் இல்லை, பக்கத்தில் இருந்தவளை. இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த முகம். ஆவர்த்தன அட்டவணையை ஒப்புவிக்கிற முகம், மீன்காரனிடம் பேரம் பேசுகிற முகம். அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் கண்டதில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இலேசாகக் கிடந்தன. கார் அவள் நினைத்த இடத்துக்கு அவள் நினைக்கும்போதே போனது. இவள் யார், இவ்வளவு நாளும் இவளுக்கா நான் கார் ஓடுவதைப் பற்றிப் பாடம் எடுத்தேன் என்று இராஜநாயகம் திகைத்துப்போய் இருந்தார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, உண்மையாகவே நிறைந்துவிட்டது.

பாலம் இறங்கியதும் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"நல்ல கார்," என்றாள் துஷாந்தினி. "வாங்குவம்."

இராஜநாயகம் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டார். கார் வரட்டும். முதல் மாதம் அவள் ஓடட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி நாள் பார்க்க வேண்டும். பாமன்கடைச் சாத்திரியார்தான் இராஜநாயகத்துக்கு எப்போதும் நாள் பார்ப்பவர். அவர் வேண்டாமென்று சொன்னதை இராஜநாயகம் இந்தப் பிறப்பில் செய்ததில்லை. ஆனபடியால் அடுத்த சனிக்கிழமை, மனைவியின் சாதகத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். துஷாந்தினிக்கு இதிலெல்லாம் அணுவளவும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுப்புச் சொல்லாமல் வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, பாயில் மரியாதையாக உட்கார்ந்தாள்.

சாத்திரியார் சாதகத்தை விரித்தார். போனில் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"துலா ராசி. சனி ஆறாமிடம். அம்மாவுக்கு இப்ப தொட்டதெல்லாம் துலங்கிற காலம். வாகன யோகம் சொல்லி வேலையில்லை. தாராளமா வாங்குங்கோ. வாற வியாழன் காலமை, ஒன்பது நாற்பதுக்கு முன்னம்."

இராஜநாயகம் ஒரு பெரிய மூச்சு விட்டார். வெற்றிலைத் தட்டை முன்னால் தள்ளி, எழும்புவதற்கு முழங்காலில் கையை ஊன்றினார்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம்," என்றாள் துஷாந்தினி.

"கேளுங்கோ அம்மா."

"புத்தகத்தில என்ர பேர் இருக்கும். ஆனா இவரும் ஓடுவார். இவர் மேஷ ராசி. அது பரவாயில்லையோ?"

இராஜநாயகம் பாயில் அவளுடைய காலை இடித்தார். அவள் காலை இழுத்து மடக்கிக்கொண்டாள். சாத்திரியார் போனைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் இராஜநாயகத்தைப் பார்த்தார்.

"மேஷம். ஏழரை நடக்குதெல்லோ. ஏன் தம்பி, இதை எனக்கு முதலே சொல்லேல்லை?"

"கார் அவவின்ர பேரில தானே ஐயா எண்டு."

"சனி பகவான் புத்தகத்தைப் பாக்கிறவரில்லை. ஸ்டியரிங்கில ஆர் இருக்கினம் எண்டு பாக்கிறவர். அம்மா ஓட, நீங்கள் பக்கத்தில இருக்கலாம். அதில ஒரு குறையும் இல்லை. நீங்கள் மட்டும் அதைத் தொடக்கூடாது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"இப்பதானே தொடங்கியிருக்கு. இன்னும் ஆறு வருசத்துக்கு மேல கிடக்கு."

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வெள்ளிக் கார் ஒழுங்கையில் நின்றது. இராஜநாயகம் அதன் பக்கத்தில் வந்து நின்று மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீர் வேணுமெண்டுதான் கேட்டனீர்."

"சந்தேகம் வந்தது, கேட்டன்."

"மூண்டு மாசமாத் தெரியும் உமக்கு."

"குளியலறைக்குள்ள ஒவ்வொரு நாளும் கார் இரையுது. தெரியாமல் இருக்குமே?"

சனியுமில்லை கினியுமில்லை, காரை நானே ஓடப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிர் மதிலில் ஒரு காகம் வந்து இருந்தது. தலையைச் சரித்து இவரையே பார்த்தது. அன்றைக்குச் சனிக்கிழமை வேறு. இராஜநாயகம் வார்த்தையை விழுங்கிவிட்டார். ஆனாலும் ஒரு கடைசி முயற்சி.

"துஷா, நீர் படிச்ச மனுசி. உந்தச் சாத்திரத்தில உமக்கு ஒரு துளி நம்பிக்கையும் இல்லையெண்டு எனக்குத் தெரியும். பிறகேன் அவர் சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

துஷாந்தினி காரின் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, இடப்பக்கத்துக் கதவை அவருக்காகத் தள்ளித் திறந்துவிட்டாள்.

"நான் நம்பாட்டி என்னப்பா," என்றாள். "நீங்கள் நம்புறீங்கள்தானே. அது போதும்."